குகையில் டாலர், வரிசையில் பெசோ: பியூனஸ் அயர்ஸ் நாட்குறிப்பு

திங்கள், ஆகஸ்ட் 4, 2025

அர்ஜென்டினாவில் டாலர் வாங்குவதற்கு இருந்த கட்டுப்பாட்டைத் தனிநபர்களுக்கு ஏப்ரல் மாதமே நீக்கிவிட்டார்கள். அர்ஜென்டினாக்காரர் ஒருவர் இப்போது தன் வங்கிக் கணக்கிலிருந்தே டாலர் வாங்கிக்கொள்ளலாம். வங்கி விலைக்கும் 'நீல டாலர்' எனப்படும் கறுப்புச் சந்தை விலைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இரண்டும் டாலருக்கு 1,300 பெசோவைச் சுற்றித்தான். அப்படியிருக்க, ஃப்ளோரிடா தெருவில் பத்தடிக்கு ஒருவர் நின்று "காம்பியோ, காம்பியோ" (பணம் மாற்றலாம்) என்று இன்னும் கூவுவது எதற்காக?

தெரிந்துகொள்ளவே ஒருவர் பின்னால் போனேன். தோல் பொருள் கடை, அதற்குள் ஒரு மாடிப்படி, பூட்டிய கதவு, அழைப்பு மணி. இத்தகைய இடங்களைக் குகை என்றுதான் சொல்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த இளைஞர் என் நூறு டாலர் தாளை வாங்கி, அதில் அச்சிட்டிருக்கும் ஃபிராங்க்ளினுடைய கோட்டின் கழுத்துப்பட்டியைக் கட்டைவிரல் நகத்தால் இரண்டு முறை வருடினார். அச்சின் மேடு நகத்தில் தட்டுப்பட வேண்டுமாம். பிறகு விளக்குக்கு நேரே பிடித்தார். ஓரத்தில் பேனாக் கீறல் உண்டா, யாராவது முத்திரை குத்தியிருக்கிறார்களா, மடிப்பு நைந்திருக்கிறதா? 1996-க்கு முன் அச்சான 'சின்ன முக' நூறு டாலர் என்றால் விலையைக் குறைத்துவிடுவார்கள். அமெரிக்காவில் சின்ன முகமும் பெரிய முகமும் ஒரே நூறுதான். இங்கே நூறு டாலருக்குள்ளேயே மேல்சாதி, கீழ்சாதி வந்துவிட்டது.

ஒரு தாளுக்கு ஒரு நிமிடம் செலவழித்தவர், பதிலுக்குக் கொடுக்க வேண்டிய பெசோக் கட்டை இயந்திரத்தில் ஓட்டி, ரப்பர் வளையம் மாட்டி, என் பக்கம் திரும்பாமலே தள்ளிவிட்டார்.

இறங்கும்போது கீழே நின்ற தரகரிடம் கேட்டேன்: வங்கியிலேயே இதே விலைக்குக் கிடைக்கிறதே, உங்களிடம் ஏன் வருகிறார்கள்? "வங்கியில் வாங்கினால் வங்கிக்குத் தெரியும்" என்றார். 'நண்பரே, இதைக்கூடவா கேட்பார்கள்' என்பது போல் சிரித்தார்.

செவ்வாய், ஆகஸ்ட் 5

மத்திய வங்கியின் நாணய அருங்காட்சியகம் சான் மார்ட்டின் தெரு 216-இல் இருக்கிறது. ஒரு நாட்டின் பொருளாதாரப் புத்தகங்களைப் படிப்பதற்குப் பதில் அதன் ரூபாய் நோட்டுகளை வரிசையாகப் பார்த்தாலே போதும் என்று எனக்கு ஒரு கொள்கை உண்டு. அர்ஜென்டினாவுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. 1970-இல் பணத்திலிருந்து இரண்டு பூஜ்யங்களை வெட்டினார்கள். 1983-இல் நான்கு, 1985-இல் மூன்று, 1992-இல் மறுபடி நான்கு. மொத்தம் 13 பூஜ்யங்கள். 1981-இல் பத்து லட்சம் பெசோ நோட்டு வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், பெசோவின் மதிப்பைச் செயற்கையாக உயர்த்தி வைத்திருந்த இராணுவ ஆட்சியின் தயவில், மயாமிக்குப் போன நடுத்தர வர்க்கத்தார் கடையில் எதைக் காட்டினாலும் "இரண்டு கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினார்கள். அந்த "இரண்டு கொடுங்கள்" இன்றைக்கும் நகைச்சுவையில் உயிரோடு இருக்கிறது. 1989-இல் ஆண்டுப் பணவீக்கம் 3,000 சதவீதத்தைத் தாண்டியது. மறு ஆண்டு ஜனவரியில் நிரந்தர வைப்புகளை அரசு எடுத்துக்கொண்டு பத்தாண்டுப் பத்திரங்களைக் கையில் கொடுத்தது.

1991-இல் டாலரின் விலையைச் சட்டம் போட்டே நிலைநிறுத்தினார்கள்; 1992-இல் வந்த புதிய பெசோ ஒரு டாலருக்குச் சமம். அந்தக் காலத்துக்கு ஊர் வைத்த பெயர் 'பீட்சாவும் ஷாம்பெயினும்'. புதுப்பணக்காரர்களின் பளபளப்பு தொலைக்காட்சியிலும் வார இதழ் அட்டைகளிலும் வழிந்தது. அதே பத்தாண்டில் தொழிற்சாலைகள் மூடப்பட்டு வேலையின்மை ஏறிக்கொண்டே போனது.

மிச்சக் கதையை நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாள் இரவு சொன்னார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 2001 டிசம்பர் 1-ஆம் தேதி 'கொராலிட்டோ' அறிவித்தார்கள்: வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் ரொக்கம் எடுக்கக் கூடாது. அம்மாளின் சேமிப்பு டாலரில் இருந்தது. டிசம்பர் 19 இரவு அவரும் பால்கனியில் நின்று எதிர்ப்பாகப் பாத்திரம் தட்டினார். 20-ஆம் தேதி அதிபர் டி லா ருவா பதவி விலகி, அரசு மாளிகையின் மொட்டை மாடியிலிருந்து ஹெலிகாப்டரில் போனார். ஜனவரியில் வந்த புதிய அதிபர் டுவால்டே, டாலர் போட்டவர்களுக்கு டாலரே கிடைக்கும் என்றார். கிடைத்ததோ டாலருக்கு 1.40 பெசோ. அதே ஆண்டில் தெருவில் டாலர் மூன்று பெசோவையும் தாண்டியது.

"பெரிய ஆட்களுக்குப் போனதா?" என்று கேட்டேன்.

"பெரிய ஆட்கள் டிசம்பர் வரைக்கும் ஏன் காத்திருக்கப் போகிறார்கள்? அவர்கள் டாலர் எப்போதோ விமானம் ஏறிவிட்டது. வங்கியை நம்பியவர்கள் நாங்கள்தான், ஆசிரியர், பல் மருத்துவர், கடைக்காரர்."

சேமிப்பைப் பறிகொடுத்தவர்களின் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? நீட்டோ ஆர்ட்டாசா என்ற மேடை நகைச்சுவை நடிகர். அவருடைய பணமும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. வங்கிகள் முகப்பில் இரும்புத் தகடு அடித்தன. ஜனங்கள் அந்தத் தகட்டைச் சுத்தியலால் அடித்தார்கள். அரசியல்வாதி யாராவது அங்கே வந்திருந்தால் அவருக்கும் விழுந்திருக்கும். சிரிக்கவைக்கிறவரை மட்டும் நம்பினார்கள்.

உங்கள் நாட்டில் எப்படி என்று அம்மாள் கேட்டார். 2016 நவம்பர் 8 இரவைப் பற்றிச் சொன்னேன். 500, 1,000 ரூபாய் நோட்டுகள் நான்கு மணி நேர அவகாசத்தில் செல்லாமல் போனது, வரிசைகள், எல்லாம். கவனமாகக் கேட்டுவிட்டு, "வங்கியில் கட்டியவர்களுக்கு அந்தப் பணம் முழுதாகக் கணக்கில் ஏறியதா?" என்றார். ஏறியது என்றேன். "அப்படியானால் அது தொந்தரவு. திருட்டு இல்லை." இந்த விஷயத்தில் அவர் தரம் பிரிப்பது வேறு.

இந்த வீட்டை அவர் வாங்கியதும் டாலர் ரொக்கத்தில்தான். இங்கே வீட்டு விலையை யாரும் பெசோவில் பேசுவதில்லை. பத்திரப்பதிவு அன்று ஒரு சின்ன அறையில் விற்பவர், வாங்குபவர், பத்திரப்பதிவாளர் எல்லாரும் உட்கார்ந்து நூறு டாலர் தாள்களை எண்ணியிருக்கிறார்கள். நடுவில் விற்பவருடைய மனைவி இரண்டு தாள்களில் மடிப்பு அதிகம் என்று திருப்பிக் கொடுக்க, இவருடைய தம்பி டாக்ஸி பிடித்து வேறு தாள் வாங்கிவர ஓடினாராம். அர்ஜென்டினாக்காரர்கள் உள்நாட்டு வங்கிகளுக்கு வெளியே, மெத்தைக்கு அடியிலும் பெட்டகத்திலும் அந்நியநாட்டுக் கணக்கிலுமாக வைத்திருப்பது 200 பில்லியன் டாலருக்கு மேல் என்று நாட்டின் புள்ளிவிவரத் துறையே மதிப்பிடுகிறது. அதில் இந்த அம்மாளின் பங்கு எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்.

புதன், ஆகஸ்ட் 6

ரெட்டீரோ ரயில் நிலையத்துக்குப் பின்னால், ரெக்கோலேட்டாவின் பளிங்குக் கட்டடங்களிலிருந்து நடக்கும் தூரத்தில், வீஷா 31 இருக்கிறது. 1930-களில் முளைத்த குடிசைப் பகுதி; இன்று நாற்பதாயிரம் பேர் அளவில் வசிக்கிறார்கள். பூசப்படாத செங்கல் வீடுகள் நான்கு, ஐந்து மாடி வரை எழும்பி நிற்கின்றன. தலைக்கு மேலே இஷியா நெடுஞ்சாலையில் கார்கள் பறக்கின்றன. 1974-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பாதிரியார் கார்லோஸ் முகிகாவின் உடல் இங்குள்ள சிற்றாலயத்தில் இருக்கிறது. பணக்காரக் குடும்பத்தில் பிறந்து இங்கே வந்து ஊழியம் செய்தவர். இப்போது பகுதியின் அதிகாரபூர்வப் பெயரே அவர் பெயர்தான்.

இங்கே கற்பிக்கும் ஓர் ஆசிரியர் என்னை அழைத்துப் போனார். சந்து முனையில் ஒரு மளிகைக் கடை. கம்பிச் சன்னலுக்குள் இருந்த பெண்மணி எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஆசிரியர் கேட்டுக்கொண்டதற்காகத் தன் கடன் நோட்டைக் காட்டினார். கோடுபோட்ட பள்ளி நோட்டு, எண்ணெய் பட்டு மூலைகள் கண்ணாடிபோல ஆகியிருந்தன. பக்கத்துக்கு ஒரு குடும்பம். தலைப்பில் பெயர் இல்லை: 'நீலக் கதவு', 'இரட்டையர் அம்மா', 'மேல் மாடித் தையல்காரர்'. கீழே பொருள்கள்: எண்ணெய் 1, அரிசி 2, மாவு 1. தொகை எங்கும் இல்லை.

தொகை எழுதும் வழக்கத்தை 2023-இல் விட்டுவிட்டாராம். அந்த ஆண்டுப் பணவீக்கம் 211 சதவீதம். திங்களன்று எழுதிய தொகையை வெள்ளியன்று வாங்கினால் அதே எண்ணெயைத் திரும்பக் கொள்முதல் செய்ய முடியாது. ஆகவே பொருளை மட்டும் எழுதுவது, பணம் தரும் நாளில் என்ன விலையோ அந்த விலை. "என்னிடம் எண்ணெய் வாங்கினார்கள், எண்ணெய்தான் பாக்கி" என்றார். அவர்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லையா என்று கேட்டேன். ஆட்சேபம் இருந்தால் அடுத்த கடைக்குப் போகலாம், அங்கேயும் இப்படித்தான் என்றார்.

ஃப்ளோரிடா தெருவையும் இந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பெசோவை நம்பாதது எல்லாருக்கும் பொது. ஆனால் நம்பாமல் இருப்பதற்கும் வசதி வேண்டும். கையில் மிச்சம் இருப்பவருக்கு அவநம்பிக்கை டாலராகிறது. காலையில் சம்பாதித்து மாலையில் செலவழிப்பவர் பெசோவை நம்பாமலேயே அதில் வாழ வேண்டும். அவர் சக மனிதர்களைத்தான் நம்பி ஆக வேண்டும், அல்லது கைபேசியை. கடைச் சன்னலில் கியூஆர் சதுரம் ஒட்டியிருந்தது. மெர்காடோ பாகோ என்ற கைபேசிப் பணப்பையில் கிடக்கும் பெசோவுக்கு அன்றாடம் சிறு ஆதாயம் கிடைக்கும். வங்கி வாசலை மிதித்திராத அந்தப் பெண்மணி அதைக் காலையில் பல் துலக்கும்போது பார்ப்பாராம். பணத்தைப் பற்றி இந்த ஊரில் நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

வியாழன், ஆகஸ்ட் 7

சான் கயெட்டானோ திருநாள். ரொட்டிக்கும் வேலைக்கும் காவலான புனிதர். லினியர்ஸ் பகுதியில் உள்ள அவருடைய தேவாலயத்துக்கு முன்பாகக் கூடாரம் அடித்து நாள்கணக்கில் காத்திருக்கிறவர்கள் உண்டு. இரண்டு வரிசைகள். உள்ளே நுழைந்து கும்பிட்டு வெளியேறினால் போதும் என்பவர்களுக்கு வேக வரிசை. திருவுருவத்தைத் தொட்டே தீரவேண்டும் என்பவர்களுக்கு மெது வரிசை. வேலை இருப்பவர்கள் பெரும்பாலும் வேக வரிசையில் நிற்கிறார்கள், நேரம் இல்லாததால்.

கையில் கோதுமைக் கதிர். மந்திரித்த கதிரை வீட்டில் வைத்தால் ரொட்டிக்குக் குறை வராது. 1981 நவம்பரில், இராணுவ ஆட்சியிலேயே, 'அமைதி, ரொட்டி, வேலை' என்று தொழிற்சங்கத்தார் ஊர்வலம் வந்ததும் இந்தக் கோயிலுக்குத்தான். 2016-இலிருந்து இந்த நாளில் சமூக அமைப்புகள் இங்கிருந்து மாயோ சதுக்கம் வரை நடக்கின்றன. 2024 முதல் பாதியில் வறுமை 52.9 சதவீதம், இரண்டாம் பாதியில் 38.1 என்று குறைந்தது. ஆட்சிக்காரர்கள் அதைச் சாதனை என்கிறார்கள், வரிசையில் நிற்கும் ஓர் ஓட்டுநர் "இறங்கியது எண்" என்கிறார். எண்ணும் பொய்யில்லை, பணவீக்கம் உண்மையிலேயே இறங்கியிருக்கிறது. அவரும் பொய் சொல்லவில்லை, அவருக்கு வேலை போய் ஏழு மாதம்.

வெள்ளி, ஆகஸ்ட் 8

கான்ஸ்டிட்யூசியோன் நிலையத்திலிருந்து ரயிலில் பெர்னால். பார்க்க ஒன்றும் இல்லாத புறநகர்.

பெசோ ஒரு டாலருக்குச் சமமாகக் கம்பீரமாக நின்ற காலத்திலேயே, 1995 மே 1 அன்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் இங்கே கூடிப் பண்டமாற்றுக் கழகம் தொடங்கினார்கள். கேக் செய்பவர் கேக் தருவார், முடி வெட்டுபவர் முடி வெட்டுவார், கணக்கு தங்கள் சொந்தச் சீட்டுகளில். 2002-இல் வேலையும் ரொக்கமும் ஒன்றாக வறண்டபோது நாடெங்கும் லட்சக்கணக்கானவர்கள் இந்தச் சந்தைகளுக்கு வந்தார்கள். பிறகு கள்ளச் சீட்டு அச்சடித்தார்கள், விலை எகிறியது, சந்தைகள் சரிந்தன. மத்திய வங்கி பல்லாண்டுகள் எடுத்துக்கொண்ட வேலையைப் பண்டமாற்றுக்காரர்கள் சில மாதங்களில் முடித்துவிட்டார்கள் என்று கேலி செய்யலாம்தான். ஆனால் அந்தக் கழகம் தோற்றது, முகம் தெரிந்த சிறு கூட்டமாக இருந்தவரை அல்ல. முகம் தெரியாதவர் கையிலும் சீட்டு புழங்கத் தொடங்கிய பிறகு.

சனி, ஆகஸ்ட் 9

டீக்ரே போகும் ரயில் பணக்கார வடபுறநகர்களின் வழியே ஓடுகிறது. சான் இசித்ரோவில் தோட்ட வீடுகள், அவற்றை ஒட்டி லா காவா குடிசைப் பகுதி. சில நிலையங்கள் தாண்டி சான் ஃபெர்னாண்டோ. அங்கே லா எஸ்பெரான்சா குடிசைப் பகுதியிலிருந்து வந்தவர் பாப்லோ லெஸ்கானோ. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கீபோர்டுடன் 1999, 2000 வாக்கில் 'கும்பியா வீஷேரா' என்ற குடிசைப் பகுதி இசையைப் பரப்பியவர். கும்பியா அதற்கு முன்பும் ஏழைகளின் நடன இசைதான், ஆனால் காதலைப் பாடியது. இவர்கள் போலீஸ், போதை, திருட்டு, வேலையில்லாத பகல்கள் என்று பாடினார்கள். 2001-இல் ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு ஆணையம் இந்தப் பாடல்களை எடைபோடத் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. நாட்டின் சேமிப்பு முடக்கப்பட்ட அதே ஆண்டில் அரசாங்கத்துக்கு இதற்கும் நேரம் இருந்திருக்கிறது. இன்று செல்வந்தர் வீட்டுத் திருமணங்களிலும் நள்ளிரவுக்கு மேல் இந்தப் பாட்டுதான். அவர்கள் ஆடட்டும், எனக்கொன்றும் இல்லை. அந்தப் பாட்டில் வருகிற இளைஞர் அந்தத் திருமண மண்டபத்தின் காவலாளியைத் தாண்டி உள்ளே வர முடியுமா என்பதுதான் கேள்வி.

நோர்டெல்டா வாயிலில் என்னையும் விடவில்லை. சதுப்பு நிலத்தைத் தூர்த்து 1,600 ஹெக்டேரில் கட்டிய வேலி நகரம். உள்ளேயிருந்து அழைப்பு வந்தால்தான் அனுமதி. 2021 ஆகஸ்டில் கார்பிஞ்சோக்கள் கூட்டமாக வந்து இங்கே புல்வெளிகளை மேய்ந்தன. நாய் அளவுக்கு வளரும் கொறிவிலங்குகள். இந்தச் சதுப்புதான் அவற்றின் பூர்வீகம். குடியிருப்பவர்கள் 'படையெடுப்பு' என்று புகார் செய்ய, நாடே விலங்கின் பக்கம் சேர்ந்துகொண்டது. சே குவேராவின் தொப்பி போட்ட கார்பிஞ்சோ, பெரோனியக் கட்சிக் கார்பிஞ்சோ, நிலத்தைத் திருப்பிக் கேட்கும் கார்பிஞ்சோ என்று படங்கள் பறந்தன. கைக்கெட்டாத மதில்களைப் பற்றி ஒரு சமூகம் பேச நினைத்ததையெல்லாம் ஒரு கொறிவிலங்கின் வாயில் போட்டுப் பேசிவிட்டது. வாயில் காவலாளியிடம் அவை இன்னும் வருகின்றனவா என்று கேட்டேன். "வரும். அவற்றிடம் அடையாள அட்டை கேட்பதில்லை" என்றார்.

ஞாயிறு, ஆகஸ்ட் 10

ரிவடாவியா பூங்காவில் ஞாயிறுதோறும் தபால்தலை, பழைய நாணயச் சந்தை. ஒரு மேசையில் இளைஞர்கள் எல்-காண்டே பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹெனரல் ரோட்ரிகெஸ் என்ற புறநகரிலிருந்து வந்த பாடகர். அரசு பள்ளிகளுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினியிலும் 1,000 பெசோ ஒலிவாங்கியிலும் பாடல் பதிவு செய்தவர் என்று 2021-இல் அன்றைய துணை அதிபர் கிறிஸ்டினா கிர்ச்னர் மேடையில் பெருமையாகச் சொன்னார். அந்த மடிக்கணினி தனக்கு அரசு தந்ததல்ல, ஒரு கைபேசியைக் கொடுத்து மாற்றிக்கொண்டது என்று பாடகர் பிறகு விளக்கினார். இளைஞர்களில் ஒருவர் இந்த பிப்ரவரியில் லிப்ரா என்ற கிரிப்டோ நாணயம் வாங்கியவர். அதிபர் மிலே தன் எக்ஸ் கணக்கில் அதைப் பரிந்துரைத்தார், விலை ஏறியது, சில மணி நேரத்தில் தரைமட்டமானது, பதிவை நீக்கிவிட்டார். "எவ்வளவு போனது?" என்றேன். "சொன்னால் என் அம்மா கேட்டுவிடுவார்" என்றார். அம்மா பக்கத்து மேசையில் தபால்தலை விற்றுக்கொண்டிருந்தார்.

நான் தேடிப் போனது பட்டாகோன். 2001-இல் சம்பளம் கொடுக்க ரொக்கம் இல்லாமல் பியூனஸ் அயர்ஸ் மாகாண அரசு அச்சடித்த சீட்டு. சட்டப்படி கடன் பத்திரம், ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்ற உறுதியுடன் வந்தது. மற்ற மாகாணங்களும் தங்கள் தங்கள் சீட்டை வெளியிட்டன. மெக்டொனால்ட்ஸ், ஐந்து பட்டாகோனுக்கு 'பட்டாகோம்போ' என்று ஒரு தனி உணவுத்தட்டே விற்றது. ஆசிரியர், செவிலியர், போலீஸ்காரர் எல்லாரும் அதில்தான் சம்பளம் வாங்கினார்கள். கையில் வந்த அன்றே எப்படியாவது தள்ளிவிடப் பார்த்தார்கள்.

பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் உறையில் இரண்டு பட்டாகோன் வைத்திருந்தார். விலை கேட்டேன். செத்துப்போன பெசோச் சீட்டுக்கு டாலரில் விலை சொன்னார். பெசோவில் தரட்டுமா என்றதும் கைபேசியை எடுத்து அந்த நிமிடத்து நீல டாலர் விலையைப் பார்த்துப் பெருக்கினார். ஞாயிற்றுக்கிழமை விலை மாறாதே என்றேன். "பழக்கம்" என்றார்.

இந்தச் சீட்டுகளைக் கடைசியில் அரசு மதித்ததா என்று கேட்டேன். மதித்தது என்றார். 2003-இல் மத்திய அரசு மாகாணச் சீட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பெசோ கொடுத்தது. யாரும் நம்பாத காகிதத்தை வைத்திருந்தவருக்குப் போட்ட தொகை வந்துவிட்டது. சட்டமே உத்தரவாதம் தந்த டாலரை வங்கியில் வைத்தவருக்கு 1.40 பெசோ.

"அப்படியானால் நீங்கள் இவற்றை ஏன் மாற்றவில்லை?"

"வரிசை நீளமாக இருந்தது" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் உறையின் வாயை ஒட்டி என்னிடம் நீட்டினார்.